தரமும் தமமும் திருப்புலிவனமும்

உத்திரமேரூர் என்றவுடன் நம் நினைவில் எழுவது குடவோலை. முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (பொ.ஆ. 919, 921) வெட்டப்பட்ட அவ்விரு கல்வெட்டுகளும் பள்ளிப் பாடநூல் முதல் அரசியல் மேடை வரை இடம்பிடித்துவிட்டன. அவற்றைப் பற்றி எழுதியோர் பலர். நாம் இங்கே காணவிருப்பது அவ்வூரின் பெயரில் உறங்கும் வேறொரு செய்தி. அது தேர்தலைப் பற்றியதன்று, இலக்கணத்தைப் பற்றியது.

கல்வெட்டுகள் இவ்வூரை உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்கின்றன. 'உத்' என்னும் வடசொல்லுக்கு 'மேல்' என்று பொருள். அதனோடு 'தர' என்னும் ஒட்டுச் சேர்ந்தால் 'உத்தர', அதாவது 'இன்னும் மேலான'. 'தம' என்னும் ஒட்டுச் சேர்ந்தால் 'உத்தம', அதாவது 'யாவற்றினும் மேலான'. வடபுலம் உயர்ந்த நிலமாதலால் 'உத்தரம்' பின்னர் வடக்கையும் குறித்தது. ஆக, ஊர்ப்பெயர் ஒப்பீட்டு நிலை. பராந்தகனின் பேரனான உத்தமசோழனின் பெயர் உயர்வு நிலை! ஏற்றத்தாழ்வைக் குறிக்க நாம் வழங்கும் 'தாரதம்மியம்' என்னும் சொல்லும் வேறொன்றன்று. 'தர', 'தம' என்னும் இவ்விரு ஒட்டுகளையும் இணைத்துச் செய்த சொல்லே அது.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், ஊரை அடைவதற்குச் சற்று முன் வருவது திருப்புலிவனம். புலிக்கால் முனிவர் வழிபட்டதாகத் தலபுராணம் கூறும் வியாக்கிரபுரீசுவரர் கோயில் இங்குள்ளது. அதன் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. சிங்கத்தின்மீது திருவடி ஊன்றிய தென்முகக் கடவுளைக் காணக் குருவாரந்தோறும் வெளியூரார் வருகின்றனர். ஆலின்கீழ் அமர்ந்த அந்த ஆசானின் ஊரிலும், சுற்றியுள்ள சிற்றூர்களிலும், இன்றைய தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஆங்கில வகுப்பில் 'பிக், பிக்கர், பிக்கெஸ்ட்' என்று ஒப்பிக்கின்றனர். ஒப்பித்தலில் குறையில்லை. எழுதச் சொன்னால்தான் இடறுகின்றனர். ஒரு 'ஜி' போடுவதா, இரண்டு போடுவதா? 'ஹாப்பியர்' என்பதில் 'ஒய்' எங்கே போயிற்று?

இவ்விடறலைப் பிள்ளையின் மந்தத்தனம் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் இதே வட்டாரத்தின் இலக்கணக் கல்வி வரலாற்றைப் புரட்டினால் வேறொரு விடை கிடைக்கிறது.

இருபது மாணாக்கர்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். உத்திரமேரூருக்கு வடகிழக்கே உள்ள அவ்வூரின் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திரன் (1063–1070) காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று உள்ளது. பதினைந்து படுக்கைகள் கொண்ட 'வீரசோழன்' என்னும் ஆதுலர்சாலையைப் பற்றிக் கூறுவதால் மருத்துவ வரலாற்றார் அதைப் பெரிதும் போற்றுவர். அதே கல்வெட்டில் ஒரு கல்விச்சாலையும் வருகிறது. இருக்கு வேதத்துக்குப் பத்து மாணாக்கர், யசுர் வேதத்துக்குப் பத்து மாணாக்கர். இலக்கணத்துக்கோ இருபதின்மர்! வியாகரணமும் 'ரூபாவதாரமும்' அவர்களுக்குரிய பாடங்கள்.

ரூபாவதாரம் என்பது யாது? பாணினியின் நூற்பாக்கள் ஏறத்தாழ நாலாயிரம். அவை நிற்கும் வரிசையிலேயே கற்கப் புகும் இளைஞன் திணறிப்போவான். ஆதலின் அவற்றைச் சந்தி, வேற்றுமை, தொகை எனப் பொருள்வாரியாக மாற்றி அடுக்கித் தொடக்க நிலையினர்க்கு எளிதாக்கினார் தருமகீர்த்தி என்னும் பௌத்தர். அந்நூலே ரூபாவதாரம். முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்லூரியில் மட்டும் நாற்பதின்மர் அதைப் பயின்றனர். கடினமான இலக்கணத்தைப் பிள்ளைகளின் படிநிலைக்கு ஏற்ப மாற்றித்தர வேண்டும் என்னும் எண்ணம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு வேரூன்றியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

திருமுக்கூடலின் அவ்விருபதின்மர் பயின்ற பாணினீயத்தில் ஒப்பீட்டுக்கெனத் தனி நூற்பாக்கள் உள்ளன. இரண்டனுள் ஒன்று மிகுமாயின் 'தர' அல்லது 'ஈயஸ்'. பலவற்றுள் ஒன்று விஞ்சுமாயின் 'தம' அல்லது 'இஷ்ட' என்பது விதி. இவற்றுள் 'இஷ்ட' என்பதை உற்று நோக்குக. ஆங்கிலத்தின் 'எஸ்ட்' என்னும் ஒட்டும் இதுவும் உடன்பிறப்புகள். 'அர்' என்பதற்கு உறவு 'ஈயஸ்'. இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் பொதுச்சொத்து இவ்வொட்டுகள்.

வசிட்டர் என்னும் பெயரில் அந்த 'இஷ்ட' உண்டு. மூதேவி என நாம் ஒதுக்கிய சேட்டைத் தேவியின் பெயரில் உண்டு. 'ஜ்யேஷ்டா' என்றால் 'யாவரினும் மூத்தவள்'. கோபத்தில் வந்து விழும் 'பாபிஷ்டன்' என்பதிலும் உண்டு. பழைய மணவோலைகளில் 'சிரேஷ்ட புத்திரன்', 'கனிஷ்ட புத்திரி' என அச்சிட்டிருப்பார்கள். இலங்கைத் தமிழரிடம் 'சிரேஷ்ட விரிவுரையாளர்' என்பது இன்றும் அலுவல் வழக்கு. ஆங்கிலத்தார் அவ்விடத்தில் வழங்கும் 'சீனியர்' என்பது இலத்தீன் மொழியில் ஒப்பீட்டு நிலை. இலத்தீனின் ஒப்பீட்டு நிலையை வடமொழியின் உயர்வு நிலையால் மொழிபெயர்த்த விந்தை அது!

இன்னொன்று. 'குட்' என்பதற்கு 'குட்டர்' வராமல் 'பெட்டர், பெஸ்ட்' வருவது ஏன் என்று நம் பிள்ளைகள் வியக்கின்றனர். திருமுக்கூடல் மாணாக்கனுக்கும் அவ்வியப்பு நேர்ந்திருக்கும். 'பிரசஸ்ய' என்றால் புகழத்தக்கது. அதன் உயர்வு நிலை 'சிரேஷ்ட'. 'யுவ' என்றால் இளையது. அதன் உயர்வு நிலை 'கனிஷ்ட'. முதற்சொல்லின் சாயலே இல்லை. பாணினி இவற்றுக்குத் தனித்தனியே விதி வகுக்க நேர்ந்தது. அடிக்கடி புழங்கும் சொற்கள் ஒழுங்குக்கு அடங்காமல் நிற்பது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய குறையன்று.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவ்விருபதின்மரும் வேதக் கல்விக்குரிய குடியினர். அவர்கள் உண்ட சோற்றுக்கு நெல் விளைவித்த உழுகுடிகளின் பிள்ளைகளுக்கு அம்மண்டபத்தில் இடமில்லை. 1956இல் மதிய உணவும் 2022இல் காலை உணவும் அரசின் செலவில் பள்ளிக்கு வந்த பிறகே, 'சோறும் இலக்கணமும் ஒரே கூரையின்கீழ்' என்னும் அந்த ஏற்பாடு எல்லார்க்கும் ஆயிற்று. இன்று 'பிக்கர்' எழுதத் தடுமாறும் பிள்ளைகளுள் பலர், குடும்பத்தில் முதன்முதலாக ஆங்கில எழுத்தைத் தொடுபவர்கள். வரலாற்றை அறிந்தோர் அத்தடுமாற்றத்தை எள்ளார்.

தமிழ் எப்படி ஒப்பிடும்?

வடமொழிக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள இவ்வொட்டுகள் தமிழுக்கு உண்டா? இல்லை. வீரராசேந்திரன் பெயரால் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் தமிழை வடமொழிச் சட்டகத்தில் பொருத்திக் காட்டிய நூல். தத்திதப் படலமே அதில் உண்டு. ஆயினும் 'பெரிய' என்னும் தமிழ்ச் சொல் எந்நாளும் 'பெரியதரம்', 'பெரியதமம்' என்று ஆனதில்லை. ஒப்பிடுவதற்குத் தமிழ் சொல்லின் உருவை மாற்றுவதில்லை, தொடரை மாற்றுகிறது.

தொல்காப்பியர் இதனை ஐந்தாம் வேற்றுமையில் வைத்தார். 'இன்' உருபு ஏற்ற பொருளோடு மற்றொன்றைப் பொருத்திக் கூறுவது அவ்வேற்றுமையின் பணி. எத்தகைய பண்புகள் அங்கே ஒப்பிடப்படும் என்று அவர் தரும் பட்டியலில் பெருமை, சிறுமை, முதுமை, இளமை, புதுமை, பழமை, வன்மை, மென்மை ஆகியன உள்ளன. இன்றைய ஆங்கிலப் பாடநூலின் ஒப்பீட்டுப் பாடத்தைத் திறந்து பாருங்கள். பெரியது, சிறியது, முதியது, இளையது, புதியது, பழையது என அதே சொற்களே நிரல்பட நிற்கும்! உலகத்துப் பிள்ளைகள் முதலில் ஒப்பிடக் கற்பது இவற்றைத்தான் போலும்.

'ஏரியின் பெரிது கடல்' என்போம். இங்கே 'பெரிது' மாறவில்லை. ஒப்பீடு முழுவதையும் 'இன்' சுமக்கிறது. இவ்வுருபே 'போன்றது' என்னும் பொருளையும் தரக்கூடும் என்பதால், உவமப் பொருவு என்றும் உறழ்பொருவு என்றும் உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டினர். பிற்காலத்தில் 'விட', 'காட்டிலும்', 'பார்க்கிலும்' என்பன வழக்குக்கு வந்தன. மூன்றும் வினையடியாகப் பிறந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றை விட்டு, ஒன்றைக் காட்டி, ஒன்றைப் பார்த்து ஒப்பிடுகிறோம். தமிழில் ஒப்பீடு என்பது இரு பொருள்களையும் அருகருகே வைத்துச் செய்யும் செயல்.

மேலை நாட்டார் தமிழ் கற்க வந்தபோது இதற்கு நேர்மாறான இக்கட்டில் சிக்கினர். சீகன்பால்கு 1716இல் ஹாலே நகரில் அச்சிட்ட இலக்கணத்திலிருந்து போப்பையர் காலம் வரை, தம் மொழியின் மூன்று நிலைகளுக்குத் தமிழில் நிகர் தேடிக்கொண்டே இருந்தனர். திராவிட மொழிகளின் பெயரடைகளுக்கு அத்தகைய ஒட்டுகளே இல்லை, ஒப்பீடு வேற்றுமையாலும் தொடராலும் நிகழ்கிறது என்று 1856இல் கால்டுவெல் தெளிவாக எழுதினார். கற்றுத் தேர்ந்த பாதிரியார்க்கே விளக்கம் தேவைப்பட்ட இவ்வேறுபாட்டை எட்டு வயதுப் பிள்ளை தானே உணர்ந்துகொள்ளும் என எதிர்பார்ப்பது எங்ஙனம்?

அப்பிள்ளை செய்வது இதுதான்: 'இன்னும் பெருசு' என்னும் தன் மொழித் தொடரை அப்படியே கொண்டுசென்று 'மோர் பிக்கர்' என்கிறது. ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்கிறார். சேக்சுபியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆன்டனியே இரட்டை உயர்வு நிலை பேசுகிறான். 1762இல் இலக்கணம் வெளியிட்ட ராபர்ட் லௌத் போன்றோரே அதைப் பிழையென்று விலக்கினர் என்பதை அந்தச் சிவப்பு மை அறியாது.

மணலில் எழுதிய ஆங்கிலம்

இனி எழுத்துக்கூட்டலுக்கு வருவோம். ஆங்கில எழுத்துகளைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையில் தமிழகத்துக்கு ஒரு பங்குண்டு. சென்னை எழும்பூரில் இயங்கிய ஆண்பிள்ளைகள் அனாதை இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகக் கண்டார். தம் பள்ளியில் அதைப் புகுத்தினார். பெரிய ஆசிரியர்கள் மறுத்தபோது எட்டு வயதுச் சிறுவனான ஜான் ஃபிரிஸ்கனையே சட்டாம்பிள்ளையாக்கினார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலால் 'மதராஸ் முறை' என இது புகழ்பெற்றது. 1811இல் தோன்றிய தேசியச் சங்கத்தின் பள்ளிகள் வழியே இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஆங்கிலேயப் பிள்ளைகள் தம் மொழியின் எழுத்தைப் பழகியது நம் திண்ணைப் பள்ளி மணலின் வழியே!

அக்காலத்தில் இப்பள்ளிகள் அரியனவும் அல்ல. 1826இல் ஆளுநர் தாமஸ் மன்றோ எழுதிய குறிப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகக் கணக்குத் தருகிறது. முறை இங்கிருந்து சென்றது. ஆங்கிலப் பாடம் அங்கிருந்து வந்தது. வரும்போது நம் இலக்கணத்தை அது துணைக்கு அழைக்கவில்லை என்பதே நம் குறை. அழைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

நன்னூல் கற்பிக்கும் ஆங்கிலம்

மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவரான பவணந்தி முனிவரின் நன்னூலில் ஒரு புணர்ச்சி விதி உண்டு. தனியே நிற்கும் ஒரு குறிலை அடுத்துவரும் மெய், தன்முன் உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பது அதன் கருத்து. மூன்று சொற்களைக் கொண்டு இதனை விளக்கலாம்.

கல் + இல் = கல்லில். தனிக்குறில், இரட்டித்தது.
கால் + இல் = காலில். நெடில்; இரட்டவில்லை.
பகல் + இல் = பகலில். குறில்தான், ஆயினும் தனித்ததன்று, இரட்டவில்லை.

இனி ஆங்கிலத்தைப் பாருங்கள். 'தின்' என்னும் சொல் கல்லைப் போன்றது. ஒற்றைக் குறில், அதன்பின் ஒற்றை மெய். ஆதலின் 'என்' இரட்டிக்கிறது. 'கூல்' என்பது காலைப் போன்றது; உயிர் நீண்டது. ஆதலின் 'கூலர்' என்பதில் 'எல்' ஒன்றே. 'கிளெவர்' என்பது பகலைப் போன்றது, ஈரசைச் சொல். அதன் ஈற்றிலுள்ள 'ஆர்' இரட்டாது. 'ஃபாஸ்ட்' போல ஈற்றில் இரண்டு மெய் நிற்பனவும் இரட்டா. விதி ஏறத்தாழ ஒன்றே. திருப்புலிவனத்துப் பிள்ளை இதை நாவால் என்றோ கற்றுவிட்டது. 'காலில் கல்லு குத்திடுச்சு, கல்லில் இடிச்சுக்கிட்டேன்' என்று விதி பிசகாமல் பேசும் பிள்ளைக்கு அதன் பெயரைச் சொல்லவே ஆசிரியர் தேவை.

வேறுபாடும் உண்டு. நமக்குச் செவியில் கேட்கும் இரட்டிப்பு, ஆங்கிலேயர்க்குக் கண்ணில் மட்டும் நிகழ்கிறது. 'பிக்கர்' எனும்போது அவர்கள் 'ஜி'யை இருமுறை ஒலிப்பதில்லை. பின் எதற்கு இரண்டு? முன்னுள்ள உயிர் குறில் என்று காட்டுவதற்கு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஓர்ம் என்னும் ஆங்கிலத் துறவி, மெய்யில் முடியும் அசையில் குறில் வந்தால் அடுத்த மெய்யை இரட்டித்து ஒரு பெருநூலே எழுதிவைத்தார். அவருக்கும் பவணந்தியாருக்கும் இடைவெளி ஏறத்தாழ அரை நூற்றாண்டே என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஒற்றை 'ஜி' போட்டால் என்னவாகும் என்று பிள்ளை கேட்கலாம். அதற்கு விடை அவ்வூரின் பெயரிலேயே இருக்கிறது. புலிக்கு ஆங்கிலத்தில் 'டைகர்'. அதில் 'ஜி' ஒன்று. 'பிக்கர்' என்பதையும் ஒரே 'ஜி'யோடு எழுதினால் அது 'டைகர்' போலப் 'பைகர்' என்றாகிவிடும். புலிக்கு ஒன்று, பெரியதற்கு இரண்டு! புலிவனத்துப் பிள்ளைகள் இதனை மறப்பார்களா?

இரண்டாம் விதி குற்றியலுகரம் பற்றியது. காசு + ஆல் = காசால். உயிர் வந்ததும் ஈற்று உகரம் மெய்யை விட்டு நீங்கிவிடுகிறது. 'லார்ஜ்', 'வைடு' ஆகியவற்றின் ஈற்றில் எழுதப்படும் 'இ' என்னும் எழுத்தும் அப்படியே. 'அர்', 'எஸ்ட்' வந்தவுடன் இடத்தை விட்டுவிடும். இரண்டு 'இ' எழுத வேண்டுவதில்லை.

மூன்றாவது இடத்தில் மட்டும் நம் இலக்கணம் உதவுவதற்கு மாறாக இடறச் செய்கிறது. மணி + ஐ = மணியை. இகர ஈற்றின்முன் உயிர் வந்தால் யகர உடம்படுமெய் தோன்றும். 'ஹாப்பி'யோடு 'அர்' சேரும்போதும் தமிழ்ச் செவிக்கு யகரம் கேட்கிறது. யகரத்துக்கு ஆங்கில எழுத்து 'ஒய்' என்று பிள்ளை படித்திருக்கிறது. ஆதலின் 'ஒய்'யை நீக்க மனம் வராமல் அப்படியே விட்டு 'இ, ஆர்' சேர்த்துவிடுகிறது. இது கவனக்குறைவால் வந்த பிழையன்று. தன் மொழியின் இலக்கணத்தைச் செம்மையாகப் பின்பற்றியதால் வந்த பிழை. 'உனக்குக் கேட்கும் யகரம் உண்மைதான். ஆயினும் அவர்கள் அதை எழுதாமல் 'ஐ' இட்டு நிறுத்திவிடுவர்' என்று சொன்னால் போதும். ஒரே அமர்வில் விளங்கிவிடும்.

தலை, இடை, கடை

ஒட்டுகள் இல்லையே தவிர, மூன்று நிலைகளாகப் பகுக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. தலை, இடை, கடை என நாம் எதையும் மூன்றாக்குவோம். நன்னூல் மாணாக்கரையே அவ்வாறு பகுத்தது. அன்னமும் ஆவும் போன்றவர் தலை. மண்ணும் கிளியும் போன்றவர் இடை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை போன்றவர் கடை. இவ்வுவமைகளைத் தமிழாசிரியர் பலரும் வகுப்பில் சுவைபடக் கூறுவதுண்டு. கேட்டுச் சிரிக்கும் மாணாக்கருள் ஒருவன், தன்னை எருமையின் வரிசையில் தானே நிறுத்திக்கொண்டு சிரிக்கிறான் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒப்பீட்டுப் பாடம் நடக்கும் வகுப்பறையில் பிள்ளைகளே ஒப்பிடப்படுகின்றனர். 'குட், பெட்டர், பெஸ்ட்' என்பது சொற்களின் வரிசையாக நின்றிருந்தால் கேடில்லை; அது பெஞ்சுகளின் வரிசையாகும்போதுதான் பள்ளி தோற்கிறது. ஒற்றை 'ஜி' எழுதிய பிள்ளையைக் கடையில் வைக்குமுன், அப்பிள்ளையின் நாவில் நன்னூல் விதி பிழையின்றி ஒலிப்பதை ஆசிரியர் ஒருமுறை கேட்க வேண்டும். அதற்கு ஆங்கில ஆசிரியர் கொஞ்சம் தமிழிலக்கணமும், தமிழாசிரியர் கொஞ்சம் ஆங்கில எழுத்துமுறையும் அறிந்திருத்தல் நலம். தொடக்கப்பள்ளியில் பெரும்பாலும் இருவரும் ஒருவரே என்பதால் இது அரிய செயலுமன்று.

பாணினியை மாற்றி அடுக்கி ரூபாவதாரம் செய்த தருமகீர்த்தி, கற்பவனை நோக்கி இலக்கணத்தை ஒருபடி இறக்கிவைத்தார். திருமுக்கூடலும் எண்ணாயிரமும் அதனை ஏற்றன. அதே வட்டாரத்தில் இன்று ஆங்கிலத்துக்கு அப்படியொரு படி தேவைப்படுகிறது. அதற்கான கல் வெளியூரிலிருந்து வரவேண்டியதில்லை. 'கல், கல்லில்' என்று தொடங்கினால் போதும்.